மறுமொழி: ‘மூளை அதிர்ச்சி’ வேண்டாம், ‘மூளைக்குலுங்கல்’ ஆகுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு மூளையின் வேலை தடுமாறும் காயத்தை ஆங்கிலத்தில் கன்கஷன் என்கிறார்கள். அதற்கு நம் குழுமத்தில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அகராதியில் ‘மூளை அதிர்ச்சி’ இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். அது போதாது என்பதை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டது. ஆனாலும் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் உள்ள திடலில் சனிக்கிழமை எழுவர் காற்பந்து நிற்கவில்லை. போன ஆண்டு அங்கே என் அக்காள் மகன் உயர வந்த பந்துக்குத் தாவினான். எதிரணிப் பையனும் தாவினான். இரண்டு மண்டையும் மோதின. விழுந்தவன் எழுந்து ஆட்டத்தை முடித்தான், நாங்கள் கைதட்டினோம். வேனில் வரும்போது, “மாமா, எத்தனைக்கு எத்தனை?” என்று கேட்டான். சொன்னேன். ரொட்டிக் கடையைத் தாண்டுவதற்குள் அதையே மூன்று தடவை கேட்டுவிட்டான். அப்புறம் வாந்தி.

கிளினிக்கில் கன்கஷன் என்றார்கள். அம்மாவிடம் நான்தான் அகராதித் தமிழில் “மூளை அதிர்ச்சி” என்று சொன்னேன். அம்மாவுக்கு அதிர்ச்சி என்றால் திடுக்கிடுவது, பயப்படுவது. பேரப்பிள்ளை பயந்துவிட்டான் என்று முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார். பயம் தெளிந்துவிட்டதென்று அடுத்த சனிக்கிழமை அவன் திடலில் இறங்கினான். பிறகு ஒரு மாதம் அறையில் விளக்குப் போட்டாலே கண்ணைப் பொத்திக்கொண்டான். அம்மாமேல் எந்தத் தவறும் இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு உரிய வைத்தியத்தைத்தான் அவர் பார்த்தார்.

முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகக்கூடும். அரிதுதான், ஆனால் அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் இளம்பிள்ளைகள். அதனால் இந்தச் சொல் மருத்துவருக்கு மட்டுமல்ல, திடலோரம் நிற்கிறவருக்கும் வேண்டும்.

இதுவரை வந்த முன்மொழிவுகளில் ‘சிறு மூளைக்காயம்’ கூடவே கூடாது. சேர்த்து எழுதினால் சிறுமூளையில் காயம் என்று பொருள் மாறிவிடும், வாய்விட்டுச் சொல்லும்போது இடைவெளியும் கேட்காது. ‘மூளைக்கலக்கம்’ இன்னும் மோசம். “மூளை கலங்கிப்போச்சு” என்றால் நம் ஊரில் பைத்தியம் என்று அர்த்தம், எந்தத் தாயும் மறைக்கத்தான் பார்ப்பார். ‘பொறிகலக்கம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடிபட்டவனைப் பார்த்து “பொறி கலங்கிடுச்சு” என்று நாம் காலங்காலமாகச் சொல்கிறோம். ஆனால் அதைக் கன்னத்தில் விழும் அறைக்கும் சொல்கிறோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அறிகுறியை விவரிக்க அதை வைத்துக்கொள்வோம். காயத்தின் பெயரில் மூளை என்ற சொல் இருந்தே ஆகவேண்டும்.

மலாயில் கெகாரான் ஒத்தாக் என்கிறார்கள், அதற்கு ‘மூளை அதிர்வு’ நேராகப் பொருந்தும் என்று பினாங்கு அன்பர் எழுதினார். நல்ல சொல். இருந்தாலும் அதிர்வது பறை, அதிர்வது கைப்பேசி. இங்கே நடப்பது வேறு. முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். என்ன சொல்கிறோம்? தண்ணீர் குலுங்குகிறது என்கிறோம். ஓட்டில் கீறல்கூட இல்லை, உள்ளேதான் அசைவு. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளையும் இப்படித்தான் சட்டென்று இழுபட்டு முறுக்கிக்கொள்கிறது. எலும்பு உடைவதில்லை, சிடி ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை, பலருக்கு நினைவுகூடத் தப்புவதில்லை. தலைக்கவசமும் தேங்காய் மட்டையைத் தடிமனாக்குவது போலத்தான். ஓட்டைக் காக்கும், உள்ளே குலுங்குவதைத் தடுக்காது. லத்தீன் மூலச்சொல்லுக்கும் உலுக்குவது என்பதுதான் பொருள்.

ஆகவே மூளைக்குலுங்கல். இதில் வினை கிடைப்பது எனக்குப் பெரிய ஆதாயமாகப் படுகிறது. “அவனுக்கு மூளை குலுங்கியிருக்கு, வெளியே எடுங்க!” என்று திடலோரத்திலிருந்து கத்தலாம். மூளை அதிர்ச்சியை வைத்து அப்படிக் கத்திப் பாருங்கள், வாயில் வராது. கிரிக்கெட்டில் 2019இல் ஐசிசி கொண்டுவந்த விதிப்படி, இப்படி அடிபட்டவருக்குப் பதிலாக இறங்குகிறவரை ‘குலுங்கல் மாற்று வீரர்’ எனலாம்.

பேருந்தில் குலுங்குவது போலச் சொல் இலேசாக இருக்கிறதே என்று குழுமத்தில் அம்மா ஒருவர் தயங்கினார். நியாயமான தயக்கம்தான். மூளை என்ற முன்சொல் அந்தக் குறையை ஈடுகட்டும் என்று நம்புகிறேன். சொற்கள் சேரும் புணர்ச்சியைப் பொறுத்தவரை, மூளைச்சாவில் ‘ச்’ வருவது போல இங்கே ‘க்’ மிகட்டும்.

குத்துச்சண்டைக்காரர்களிடம் அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928இல் விவரித்த நெடுநாள் நோய்க்கு இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடிகளால் வருவது. ஒவ்வோர் அடியும் மூளையைக் குலுக்கியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இறந்த பிறகு மூளையைச் சோதித்துத்தான் அதை உறுதி செய்கிறார்கள். ‘தொடர்மோதல் மூளைச்சிதைவு’ என்று தனியே வைக்கலாம், அதற்கு வேறு இழை திறப்போம்.

சரி, ஒரு வேண்டுகோள். திடலில் மாட்ட ஓர் அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரிட்டனில் 2023இல் ஊர்க் குழுக்களுக்காக வந்த வழிகாட்டியை ஒட்டியது: ஐயம் வந்தாலே உடனே வெளியேற்று, அன்று மறுபடி இறக்காதே, முதல் 24–48 மணி நேரம் ஓய்வு, 21 நாளுக்குள் போட்டி கிடையாது. தலைப்பில் ‘மூளைக்குலுங்கல்’ என்று போட்டிருக்கிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, “மண்டைக்குள்ள ஆடிப்போச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா படுக்க வச்சிருப்பேனே” என்றார். புதன்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.