தாத்தாவின் ரெக்கார்டிங் ஃபைல் திறக்கவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்

களக்காட்டுப் பேரன்
ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை உட்கார வைத்து இரண்டரை மணி நேரம் ரெக்கார்டு செய்தேன். பட்டாளத்தில் இருந்தவர், இப்போது வயது 82. ஃபைல் இருக்கிறது, தொட்டால் 'இயக்க முடியவில்லை' என்கிறது. நாலு ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷமும் கேட்டால் ஜம்மு குளிரையும் லங்கர் (பட்டாளச் சமையற்கூடம்) சாப்பாட்டையும் மட்டும்தான் சொல்வார். அன்றைக்குத்தான் கண்ணிவெடி எடுத்த ராத்திரியைப் பற்றி வாய் திறந்தார், கூட இருந்தவர்களை ஒவ்வொருவராக ஊர் பெயர் சொல்லி விரல் விட்டு எண்ணினார். மறுபடி கேட்க எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

திசையன்விளை
என்ன போன், எந்த ஆப், ஃபைல் பெயர் எதில் முடிகிறது, எத்தனை எம்பி? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்ல முடியும்?

மேலப்பாளையத்தான்
மெமரி கார்டுதான் காரணம், நூற்றுக்கு நூறு. 128 ஜிபி என்று மேலே அச்சடித்திருப்பான், உள்ளே எட்டு கூட இருக்காது. நிரம்பியபிறகும் எழுதுவது போலக் காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் தங்கச்சி கல்யாண வீடியோ அப்படித்தான் போனது. கார்டைக் கழற்றி வையுங்கள்.

வள்ளியூர் காற்று
எம்பி3 ஆக மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

பாளை வாத்தியார்
இதைப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. வாய்மொழி வரலாறு என்பது போனைப் பாயில் வைத்துவிட்டு "சொல்லுங்க தாத்தா" என்று கேட்பது அல்ல. தனி ரெக்கார்டர் வேண்டும், சுருக்காத ஒலியான வாவ் ஃபைலாகப் பதிய வேண்டும், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சேமிக்க வேண்டும். தொடக்கத்தில் பேசுபவர் பெயர், படைப்பிரிவு, தேதி, ஊர் எல்லாவற்றையும் குரலில் சொல்லிப் பதிய வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். இதில் எத்தனையைச் செய்தீர்கள்? அவர் எந்தப் போரில் இருந்தார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

களக்காட்டுப் பேரன்
ஆண்ட்ராய்டு, போனோடு வந்த ரெக்கார்டர்தான். எம்4ஏ, 148 எம்பி. கார்டு கிடையாது. தாத்தா பெங்களூரில் பயிற்சி எடுத்த மெட்ராஸ் சாப்பர் (பட்டாளத்தின் பொறியாளர் பிரிவு), 1963-ல் சேர்ந்தவர். 65-ல் பசந்தர் ஆற்றுப் பக்கம் என்றார். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், கடைசியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது, நான் நிறுத்து பொத்தானைத் தொடவே இல்லை.

ஒலிப்பெட்டி
காரணமே அதுதான் தம்பி. கார்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எம்4ஏ ஃபைலில் குரல் தனியாக, அதில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை தனியாக இருக்கும். பல ரெக்கார்டர்கள் அந்த அட்டவணையை நிறுத்தியபிறகுதான் எழுதும். அதற்கு முன்னால் போன் செத்துவிட்டால் குரல் முழுக்க உள்ளே இருக்கும், படிக்கத்தான் வழி இருக்காது. எம்பி3 ஆக மாற்றும் ஆப்புக்கும் அதே அட்டவணைதான் வேண்டும், அதனால் அது உதவாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 128 கேபிபிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் பதிந்தால், ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. 148 எம்பி என்றால் இரண்டரை மணி நேரமும் உள்ளேதான் இருக்கிறது, பயப்படாதீர்கள். முதலில் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கேபிள் போட்டு. அப்புறம் அதே போனில், அதே ஆப்பில், அதே அமைப்பில் ஐந்து நிமிடம் எதையாவது பதிந்து ஒழுங்காக நிறுத்துங்கள். அன்ட்ரங்க் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அந்த நல்ல ஃபைலை மாதிரியாக வைத்துக்கொண்டு உடைந்த ஃபைலுக்கு அட்டவணையைத் திரும்பக் கட்டும். நகலில் மட்டும் செய்யுங்கள், அசலைத் தொடாதீர்கள்.

பாளை வாத்தியார்
ஒரு திருத்தம். பசந்தர் போர் 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில் நடந்தது. 65 அல்ல. இப்படித் தவறான தகவலோடு பதிவைச் சேமித்தால் நாளைக்கு யாருக்கும் பயன்படாது. எழுத்தாக்கும்போது ஆண்டை மாற்றிவிடுங்கள்.

அம்பை ஆற்றங்கரை
மாற்றக் கூடாது வாத்தியாரே. அவர் சொன்னது சொன்னபடி இருக்கட்டும், உங்கள் திருத்தத்தைப் பக்கத்தில் தனியாகக் குறிக்கலாம். பெரியவர் வாயில் நம்முடைய ஆண்டைத் திணித்தால் அப்புறம் அது யாருடைய கதை?

பாளை வாத்தியார்
வரலாறு என்றால் தேதி வேண்டும் ஐயா. உணர்ச்சி மட்டும் போதாது.

சாப்பர் தம்பி
நானும் பெங்களூர் சென்டரில்தான் இருந்தேன், இவர்களுக்கு ரொம்பப் பின்னால். வாத்தியார் அண்ணாச்சி, 65-லும் அதே சியால்கோட் முனையில்தான் பில்லோரா, சாவிண்டா சண்டைகள் நடந்தன. 63-ல் சேர்ந்தவர் இரண்டு தடவையும் அந்தப் பக்கம் போயிருக்கலாம். அதே மண், அதே கரும்புக் காடு, ஆறு வருஷ இடைவெளி. அவர் மனசில் அது ஒரே இரவாகச் சேர்ந்திருக்கலாம், அல்லது நீங்கள் கேட்ட கேள்வி அவருக்கு வேறாகப் புரிந்திருக்கலாம். பேரனுக்குச் சொல்கிறேன், "எந்த வருஷம் தாத்தா" என்று கேட்காதே. டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல். 65-க்கு சமர் சேவா ஸ்டார், 71 மேற்கு முனைக்கு பச்சிமி ஸ்டார், கிழக்கே என்றால் பூர்வி ஸ்டார். டிஸ்சார்ஜ் புக்கும் இருக்கும். பதக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு, அவரே சொல்வார்.

திசையன்விளை
கண்ணிவெடியை எப்படி எடுத்தோம் என்று சொன்னாரா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் சாப்பர்தான், கேட்டால் சிரிப்பார்.

களக்காட்டுப் பேரன்
சொன்னார். என் பேனாவை வாங்கி, சாய்வாகப் பிடித்து, உட்கார்ந்திருந்த பத்தமடைப் பாயில் கோரை கோரையாகக் குத்திக் காட்டினார். நேராகக் குத்தினால் மேல் தட்டில் படும், வெடித்துவிடும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும், கைக்குத் தெரியும் என்றார். பின்னால் டாங்கி வர வேண்டும், விடிவதற்குள் பாதை வேண்டும். அப்போதுதான் ஆச்சி காபி கொண்டுவந்தாள், அவர் தலை நிமிரவே இல்லை.

முக்கூடல் முனை
இழையை வேறு பக்கம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் சித்தப்பா 1987-ல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர். தமிழ் தெரியும் என்பதால் யூனிட்டில் மொழிபெயர்ப்பு அவர் தலையில். 90-ல் திரும்பியதிலிருந்து அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் கிடையாது. அவரிடம் எப்படித் தொடங்குவது?

மேலப்பாளையத்தான்
அவரை விட்டுவிடுவதே நல்லது. அந்த நேரத்தில் ஊரில் யார் அவர்களை வரவேற்றார்கள்? கிளறாதீர்கள்.

அம்பை ஆற்றங்கரை
அவர் பேசாததால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. போரைக் கேட்காதீர்கள், கப்பலைக் கேளுங்கள். எங்கே ஏறினார், என்ன சாப்பிட்டார், முதல் கடிதம் யாருக்கு எழுதினார். வேண்டாம் என்றால் அன்றைக்கு அதோடு எழுந்துவிடுங்கள். பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், போனை மறைத்து வைக்கும் வேலை கூடவே கூடாது.

பாளை வாத்தியார்
இது சரியான ஆலோசனை. ஆண்டு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. பில்லோரா பற்றிச் சாப்பர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதலாம்.

ஒலிப்பெட்டி
பேரன், என்ன ஆச்சு? நான்கு நாளாகிறது. அடுத்த தடவை வாவ் ஆகப் பதியுங்கள், இடையில் அறுந்தாலும் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் மூல ஒலியாக எடுத்துவிடலாம். சார்ஜரையும் மாட்டியே வையுங்கள்.

களக்காட்டுப் பேரன்
வந்துவிட்டது அண்ணாச்சி. இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் இருக்கிறது. ஃபேன் இரைச்சல் ரொம்ப, ஆனால் ஊர்ப் பெயர்கள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன, பேனா பாயைக் குத்துகிற சத்தம் கூடக் கேட்கிறது. பெட்டியில் இரண்டு ஸ்டாருமே இருந்தன. இப்போது தாத்தாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன், கண் பரிசோதனை, அப்புறம் எழுதுகிறேன்.

சாப்பர் தம்பி
எண்ணிய ஊர்களில் விளாத்திகுளம் உண்டா? இருந்தால் ஒரு வரி போடு தம்பி.