மஸ்டா, கோர்வேர், சுபாரு: சொந்தமாகக் கட்டும் விமானத்துக்குக் கார் எஞ்சினோடு காப்பீடு கேட்டவர்களின் அனுபவங்கள்

ஆர்வி-7, மஸ்டா 13பி ரோட்டரி

நான் கட்டிய ஆர்வி-7 விமானத்துக்கான காப்பீட்டு விண்ணப்பத்தில், எஞ்சின் என்ற இடத்தில் வழக்கமான விமான எஞ்சினான லைகமிங் ஓ-360 என்று எழுதியிருந்தால் அடுத்த கேள்வி விமானியின் அனுபவத்தைப் பற்றி வந்திருக்கும். நான் கார் எஞ்சினான மஸ்டா 13பி என்று எழுதினேன். அதற்கப்புறம் வந்த கேள்விகள் எல்லாமே எஞ்சினைப் பற்றித்தான். என்ன கேட்பார்கள் என்று முன்பே தெரிந்தால் கட்டும்போதே பதிலைத் தயார் செய்துகொள்ளலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன். அமெரிக்கப் பதிவில் உள்ள, சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்குத்தான் இது பொருந்தும்.

முதல் கேள்வி, எஞ்சினின் வேகத்தைக் குறைத்து ப்ரொபெல்லருக்குக் கொடுக்கும் ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ் யார் செய்தது, அதே கியர்பாக்ஸ் வேறு எத்தனை விமானங்களில் பறக்கிறது என்பது. இரண்டாவது, மின்சாரம். லைகமிங்கில் தீப்பொறி தரும் மேக்னெட்டோ தனக்கு வேண்டிய கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். என் 13பி அப்படி இல்லை. கம்ப்யூட்டருக்கும் ஃப்யூவல் பம்புக்கும் கரண்ட் போனால் அந்த நொடியே எஞ்சின் நின்றுவிடும். ஆல்டர்னேட்டர் பழுதானால் எவ்வளவு நேரம் பறக்க முடியும் என்று அண்டர்ரைட்டர் (காப்பீடு தரலாமா என்று முடிவு செய்பவர்) கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. அது சரியான கேள்வி. இரண்டு பேட்டரி, தனித்தனி வயரிங், இடையே மாற்றும் சுவிட்ச் எல்லாவற்றையும் படமாக வரைந்து அனுப்பினேன். ஆல்டர்னேட்டரைத் துண்டித்துவிட்டுத் தரையில் ஓட்டிப் பார்த்த பதிவையும் சேர்த்தேன்.

அடுத்தது சூடு. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரியின் எக்ஸாஸ்ட் பிஸ்டன் எஞ்சினுடையதைவிடக் கடுமையாகச் சுடும், சாதாரண மஃப்ளர் தாங்காது. ரோட்டர்களை உள்ளிருந்து குளிர்விப்பது ஆயில்தான், அதனால் ஆயில் கூலர் சின்னதாக இருந்தால் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. முழு த்ராட்டிலில் எடுத்த தண்ணீர், ஆயில் வெப்பநிலைகளை அனுப்பினேன். ஃப்யூவல் ஓட்டச் சோதனையையும் கேட்டார்கள். டேக்ஆஃபில் எஞ்சினுக்கு வேண்டிய அளவைப் போல பம்ப் உள்ள அமைப்பில் 125 சதவீதம், புவியீர்ப்பில் இறங்கும் அமைப்பில் 150 சதவீதம் வர வேண்டும் என்பது நம்மில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவுகோல். என் பதிவில் தேதி, டேங்கில் இருந்த அளவு, மூக்கு எவ்வளவு உயர்த்தப்பட்டிருந்தது என்பது வரை இருந்தது. புரோக்கர் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் உற்சாகமானார்.

ஒரு நிறுவனம் இது எதையும் படிக்காமல் ஒற்றை வரியில் மறுத்துவிட்டது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். இன்னொன்று ஒப்புக்கொண்டது. தேர்டு பார்ட்டிக்குத் தடையில்லை. ஹல் காப்பு, அதாவது விமானத்தின் சேதத்துக்கான காப்பு மட்டும், சோதனைப் பறப்பு முடியும்வரை விமானம் நகராமல் நிற்கும்போதுதான். ஹேங்கரில் தீ, புயல், திருட்டு என்றால் பணம் உண்டு; உருள ஆரம்பித்தால் கிடையாது. சோதனைக் காலத்திலேயே, பறக்கும்போதும் ஹல் காப்பு யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

ஜெனித் 650, கோர்வேர்

எனக்குக் கிடைத்தது, சும்மா கிடைக்கவில்லை.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு விஷயம். சான்று பெற்ற எஞ்சினும் அதற்கென்றே சான்று பெற்ற ப்ரொபெல்லரும் சேர்ந்திருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. வழக்கமாக 25 மணி நேரச் சோதனைப் பறப்பு கேட்கும். நம்முடையது போன்ற எஞ்சின் என்றால் 40. காப்பீட்டுக்காரர் பார்வையில் அந்தக் காலம்தான் ஆபத்து அதிகமுள்ள காலம், நம் பார்வையிலும் அதுதான். ஆனால் வருடக்கணக்காகக் கட்டிய விமானம் அந்தச் சமயத்தில் காப்பில்லாமல் பறப்பதை நினைத்தால் தூக்கம் வராது.

என் விஷயத்தில் மூன்று காரியங்கள் கதவைத் திறந்தன. கட்டும்போதே, சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கமான இ.ஏ.ஏ.வின் டெக்னிக்கல் கவுன்சிலரை அழைத்து, இறக்கையை மூடுவதற்கு முன்னும், எஞ்சின் பொருத்திய பிறகும், கடைசியிலும் பார்க்கச் சொன்னேன். அவர் எழுதித் தந்த குறிப்புகள் கையில் இருந்தன. அடுத்தது, அதே ரக ஜெனித்தில் பயிற்றுநரோடு பயிற்சி. கடைசியாக, முதல் பறப்புகளில் கூடவே தகுதியுள்ள இன்னொரு விமானியை உட்கார வைக்கும் ஏற்பாடு. சோதனைக் காலத்தில் பயணிகளை ஏற்றக் கூடாது. ஆனால் 2014 முதல் எஃப்.ஏ.ஏ. தன் 90-116 சுற்றறிக்கையின் நிபந்தனைகளுக்குட்பட்டு இரண்டாவது விமானியை அனுமதிக்கிறது. அந்த நிபந்தனைகள் கடுமையானவை, எல்லா எஞ்சின் அமைப்புகளும் அதில் அடங்காது. படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எஞ்சினைப் பற்றி ஒரே ஒரு கூர்மையான கேள்விதான் வந்தது: ஐந்தாவது பேரிங் இருக்கிறதா? காரில் வந்த கோர்வேருக்கு மெயின் பேரிங் நான்குதான். கார் எஞ்சின் ப்ரொபெல்லரைத் தாங்கியது இல்லை. விமானத்தில் ப்ரொபெல்லரின் வளைவிசை நேராக கிராங்க்‌ஷாஃப்ட்டில் இறங்குகிறது, சில முறிந்தும் இருக்கின்றன. அதற்காகத்தான் ப்ரொபெல்லர் பக்கம் இன்னொரு பேரிங் வைக்கும் பழக்கம் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்த அளவு விவரம் தெரிந்திருந்தது எனக்கு மகிழ்ச்சி. "இருக்கிறது, படம் இதோ" என்று சொல்ல முடிந்தது.

சோனெக்ஸ், ஏரோவீ

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் வழி வந்த எஞ்சின். பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரே விமானத்தில் ஒரே எஞ்சின் நிறையப் பேர் ஓட்டினால் அவர்களிடம் பழைய கணக்கு இருக்கும், அதை வைத்து பிரீமியம் போட்டுவிடுவார்கள். ரோட்டரி நண்பருக்கு எஞ்சின் மோசம் என்பதல்ல தடை. எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். எனக்கு டெயில்வீல் (வாலில் சக்கரம் உள்ள விமானம்) அனுபவம் குறைவு என்பதைத்தான் விடாமல் கேட்டார்கள்.

கிட்ஃபாக்ஸ், சுபாரு இஏ81

பாலிசி வாங்கியதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் கிளைம் வாங்கிய கதையைச் சொல்கிறேன்.

ஏறும்போது எஞ்சின் சக்தி இழந்து நின்றது. வயலில் இறக்கினேன். லேண்டிங் கியர் மடங்கியது, ப்ரொபெல்லர் தரையில் அடித்து உடைந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலிசியைக் கவனமாகப் படியுங்கள்: தேய்மானத்தாலோ உள்பழுதாலோ எஞ்சின் கெட்டால் அந்த எஞ்சினுக்குப் பணம் இல்லை. அது நின்றதால் நடந்த மோதலின் சேதத்துக்கு உண்டு. என் விமானத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது கியர்பாக்ஸ். அது உடைந்து எஞ்சின் நின்றதா, ப்ரொபெல்லர் தரையில் அடித்ததால் உடைந்ததா?

மதிப்பீட்டாளர் வந்து அதைப் பிரித்தார். பற்கள் உடைந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். நாள்பட்ட சோர்வினால் வரும் விரிசல், கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள் போல வளைவு வளைவாகத் தடம் விடும். ஒரே அடியில் உடைந்தது கரடுமுரடாக, ஒரே மாதிரி இருக்கும். என்னுடையது இரண்டாவது வகை. எஞ்சின் நின்றதற்குக் காரணம் வேறிடத்தில், ஒரு வால்வில் இருந்தது. ஆகவே கியர்பாக்ஸுக்குப் பணம் வந்தது, சிலிண்டர் ஹெட்டுக்கு வரவில்லை. கடைசி ஆய்வின்போது கியர்பாக்ஸைத் திறந்து எடுத்த புகைப்படங்கள் தேதியோடு என் லாக்புக்கில் ஒட்டியிருந்தன. அவர் அதையும் தன் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். அந்தப் படங்கள் இல்லாமல் இருந்தால் பேச்சு இழுத்துக்கொண்டே போயிருக்கும்.

இன்னொன்று. ஹல் காப்பு பொதுவாக முன்பே ஒத்துக்கொண்ட மதிப்புக்குத்தான். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பழுதுபார்க்கும் செலவு அந்தத் தொகையை நெருங்கினாலே முழு நஷ்டம் என்று கணக்கை முடித்து, விமானத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கையால் கட்டியதைத் திரும்ப வாங்க நீங்களே பேரம் பேச வேண்டிய நிலை வரும்.

ஆர்வி-9ஏ, முன்பு சுபாரு, இப்போது லைகமிங்

நான் கட்டவில்லை, கட்டியவரிடமிருந்து வாங்கினேன். ஆறு சிலிண்டர் சுபாரு, கேட்பதற்கே அவ்வளவு இனிமை. ஆனால் அந்த எஞ்சின் கிட் செய்த நிறுவனம் பிறகு இல்லை, உதிரிபாகமும் இல்லை. அண்டர்ரைட்டர் மறுக்கவில்லை, எனக்குப் பயிற்சி மணி நேரங்களைக் கூட்டினார். அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2012இல் வெளியிட்ட ஆய்வில், 2011இல் விபத்துக்குள்ளான, சொந்தமாகக் கட்டும் வகை விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பழையதாக வாங்கப்பட்டவை என்று கண்டது. எஞ்சின் செயலிழப்பும் கட்டுப்பாடு இழப்பும்தான் முன்னணிக் காரணங்கள். கட்டியவருக்கு ஒவ்வொரு வயரும் தெரியும், எனக்குத் தெரியாது.

பிறகு எஞ்சினை மாற்றினேன். அப்போது இரண்டு வேலை இருக்கிறது. எஞ்சின் வகையை மாற்றுவது பெரிய மாற்றம், எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்து, மீண்டும் குறைந்தது 5 மணி நேரம் சோதனைப் பறப்பு முடித்து லாக்புக்கில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் பயணி கிடையாது. அதே நாளில் காப்பீட்டுக்காரருக்கும் எழுதுங்கள். பாலிசியில் உள்ள எஞ்சின் ஒன்று, விமானத்தில் உள்ளது வேறொன்று என்றால் கிளைம் நேரத்தில் அதுவே பெரிய சிக்கல். எஃப்.ஏ.ஏ. விதித்த பறப்பு வரம்புகளை மீறிப் பறந்ததாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

ரோட்டரி நண்பருக்கு: அடுத்த புதுப்பிப்பின்போது இரண்டு புரோக்கர்களிடம் ஒரே சமயத்தில் கொடுக்காதீர்கள். இந்தத் துறையில் காப்பீட்டு நிறுவனங்கள் மிகக் குறைவு. முதலில் யார் உங்கள் பெயரைக் கொண்டுபோகிறாரோ அவருக்குத்தான் விலை சொல்வார்கள், இரண்டாமவர் கையை விரித்துவிடுவார். புரோக்கரை மாற்றுவதென்றால் எழுத்தில் மாற்றிக் கொடுங்கள். 40 மணி நேரமும் முடிந்ததும் ஒவ்வொரு பறப்பின் வெப்பநிலை, ஆயில் அழுத்தப் பதிவுகளையும் அதே புரோக்கரிடம் கொடுத்து, ஒற்றை வரியில் மறுத்த அந்த நிறுவனத்துக்கும் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். என் முதல் விண்ணப்பத்தை மறுத்த ஒருவர், பறந்த மணி நேரங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் விலை கொடுத்தார்.