மறு: மறு: 'நானோ மீன்' – தமிழில் என்ன?

நண்பர்களே,
வீட்டு மீன்தொட்டி பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 40×25×20 செ.மீ. தொட்டி, அதாவது 20 லிட்டர். அதற்கேற்ற 'நானோ மீன்கள்' பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. 'சிறுமீன்' என்று எழுதலாமா?
– செ.

செ. அவர்களுக்கு,
வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் 'சிறுமீன் புரையும் கற்பின்' என்று வருவது வானத்து மீன், அருந்ததி. அவளையா தொட்டியில் விடப்போகிறீர்கள்? நானோவின் கிரேக்க வேருக்குக் குள்ளன் என்று பொருள். அதற்கு நேரான சொல் புறநானூற்றிலேயே கிடக்கிறது: 'கூனும் குறளும்'. ஆகவே 'குறள்மீன்'.
– வ.

ஐயா, குறள்மீன் என்றால் வள்ளுவர் வளர்த்த மீன் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.
கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அடிக்கடி பார்க்கிறேன். விரலளவு தங்கமீன் குஞ்சைக் கண்ணாடிக் கிண்ணத்தோடு தலையில் கட்டுகிறார்கள். வாங்குகிறவர் கண்ணுக்கு அதுவும் சிறுமீன்தான். அது சாணளவுக்கு வளரக்கூடியது. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அந்தக் கொஞ்சத் தண்ணீர் எப்படித் தாங்கும்? இது இதற்குமேல் வளராது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'வளராமீன்' என்று வைக்கலாம்.
– மு.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் சரி. ஆனால் நோஞ்சான் மீன் என்றல்லவா பொருள்படுகிறது! 'அயிரை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? அயிர் என்றால் நுண்மணல். மணலுக்குள் புதையும் மீன் ஆதலால் அயிரை. குறுந்தொகையில் தொண்டித் துறையின் அயிரைக்குத்தான் கிழநாரை ஏங்குகிறது. மணலுக்கு வந்த பெயரைச் சிறுமைக்கும் நீட்டிக்கொள்ளலாம்.
– தி.

மதுரைக்காரன் சொல்கிறேன்: 'அயிரைத் தொட்டி' என்று அட்டையில் போட்டால் குழம்புப் புத்தகம் என்று வாங்கிப்போவார்கள்.
– ப.

எல்லோரும் மீனையே அளக்கிறீர்கள். சில்லி ரஸ்போரா இரண்டு சென்டிமீட்டர்தான். ஆனால் கூட்டமாக வாழ்வது, எட்டுப் பத்தாக விட வேண்டும். ஃபைட்டர் ஆறு சென்டிமீட்டர் வரும். ஆனாலும் ஆண் ஒன்றைத் தனியாக அதே 20 லிட்டரில் வளர்க்கலாம். மேலே வந்து காற்றையும் குடித்துக்கொள்ளும். இரண்டும் செ.யின் அத்தியாயத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் பெயர் தொட்டிக்குத்தானே வேண்டும்? 'குறுந்தொட்டி'. அதில் வாழக்கூடியது 'குறுந்தொட்டி மீன்'.
– ந.

இரண்டும் இருக்கின்றன. ஃபைட்டரை எந்தச் சொல்லுக்குள் அடக்குவது என்றுதான் நானும் விழித்துக்கொண்டிருந்தேன். 'குறுந்தொட்டி மீன்கள்' என்றே அனுப்பிவிடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'நானோ மீன்கள் எனப்படும்' என்று சேர்த்துக்கொள்கிறேன்; கடையில் அப்படித்தான் கேட்க வேண்டியிருக்கும்.
– செ.

எனக்கு உடன்பாடு.
– மு.

சரி, இழையை முடிப்போம்.
– ப.

அவசரப்பட்டுவிட்டீர்கள். மலையாளத்தில் குறுந்தோட்டி ஒரு மூலிகை. ஓர் ஒற்றைக்கொம்பு தவறினால் கஷாயமாகிவிடும். மேலும் ஒற்றைச் சொல் இருக்க இரண்டு சொல்லை யார் சுமப்பார்? என் வாக்கு குறள்மீனுக்கே. குறள் என்னும் வேர்பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.
– வ.