ரோக் ஆடுபவர்களுக்கு ஒரு கேள்வி: பதுங்கித்தான் போகிறேன், டேமேஜ் ஏன் வரவில்லை?

இருட்டுப்பூனை

எல்லோருக்கும் வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டின் பழைய வடிவமான கிளாசிக்கில் ஹ்யூமன் (மனித இன) ரோக், அதாவது பதுங்கித் தாக்கும் கிளாஸ், ஆடுகிறேன், இப்போது லெவல் 22. தனியாக ஆடும்போது ஒரு குறையும் இல்லை. ஸ்டெல்த்தில் (கண்ணில் படாமல் பதுங்கும் திறன்) பின்னால் போய் டேகரால் ஒரு ஆம்புஷ் குத்து போட்டால் மாபின் (ஆட்டமே இயக்கும் எதிரியின்) உயிரில் பெரிய துண்டு காலி, அந்தச் சுகத்துக்காகத்தான் இந்த கிளாஸையே எடுத்தேன்.

நண்பர்களோடு டெட்மைன்ஸ் என்ற டன்ஜனுக்கு (குழுவாக உள்ளே போய் ஆடும் இடம்) போனால்தான் கதை தலைகீழ். ஒவ்வொரு கும்பலுக்கும் ஸ்டெல்த் போட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சேர்வதற்குள் மந்திரம் வீசும் மேஜும் வார்லாக்கும் பாதியை முடித்துவிடுகிறார்கள். சரி, நாமே முந்திக்கொள்வோம் என்று முதல் குத்தை நான் குத்தினால் மொத்தக் கும்பலும் என் மேல் விழுகிறது, டேங்க் (எதிரியின் அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்பவன்) ஆடும் நண்பன் திட்டுகிறான், உயிர் ஏற்றும் ஹீலர் மந்திர சக்தியான மானா போச்சு என்று புலம்புகிறார். யார் எவ்வளவு அடித்தார்கள் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் டேங்குக்குக் கீழே நிற்கிறேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு கையிலும் டேகர் (குறுவாள்). ரோக் என்றால் டேகர்தானே? டேலண்ட் பாயிண்ட் (திறன் மரங்களில் போடும் புள்ளி) அசாசினேஷன் மரத்தில் கொஞ்சம், சப்டில்டி மரத்தில் கொஞ்சம். அடிக்க அடிக்கச் சேரும் காம்போ பாயிண்ட் 5 ஆனதும் அதைச் செலவழித்து எவிசரேட் என்ற பெரிய அடி போடலாம் என்று பார்த்தால் அதற்குள் மாப் செத்துவிடுகிறது. இந்த கிளாஸ் குழுவில் இப்படித்தானா, உச்ச லெவலான 60 போனால் சரியாகுமா, இல்லை பேசாமல் இப்போதே ஒரு மேஜ் தொடங்கிவிடட்டுமா?

பழைய_கள்ளன்

மேஜ் எல்லாம் வேண்டாம், பொறு.

முதலில் ஸ்டெல்த்தை டேமேஜ் கணக்கிலிருந்து எடுத்துவிடு. தனியாக ஆடும்போது எவனை அடிப்பது, எப்போது அடிப்பது, எவனைத் தொடாமலே தாண்டிப் போவது என்று முடிவு செய்வது நீ, அதற்கு ஸ்டெல்த் வேண்டும். டன்ஜனில் அந்த முடிவை எடுப்பது டேங்க். அங்கே நீ பதுங்கி நடக்கிற ஒவ்வொரு நொடியும் நஷ்டம், ஏனென்றால் அடிகளுக்குச் செலவாகும் உன் எனர்ஜி 100-க்கு மேல் சேராது, 2 நொடிக்கு ஒரு முறை 20 ஏறும், 100-ல் முட்டி நிற்கும்போது ஏறவேண்டியது எல்லாம் வீணாகப் போகிறது. நடையும் மெதுவாகிறது, கை சும்மா இருக்கிறது. ரோக்கின் மொத்த டேமேஜில் பெரும்பங்கு நீ எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் தானாக விழுகிற வெள்ளை அடிதான், அது விழவேண்டும் என்றால் நீ மாபின் பக்கத்தில் நிற்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆகவே குழுவில் போகும்போது முதல் கும்பலுக்கு ஆசைக்கு ஒரு தடவை ஸ்டெல்த் போடு, அப்புறம் டேங்க் பின்னாலேயே ஓடு.

இரண்டாவது, டேகர். ஹ்யூமன் எடுத்துவிட்டு டேகர் பிடிப்பது எனக்குப் புரியவே இல்லை. ஹ்யூமனுக்கு வாளில் 5 ஸ்கில் சும்மா கிடைக்கிறது. டேகரில் மட்டும் வரும் பேக்ஸ்டாப்புக்கு 60 எனர்ஜி, பின்னால் நின்றால்தான் வேலை செய்யும். வாளிலும் போடக்கூடிய சினிஸ்டர் ஸ்ட்ரைக்குக்கு 45, எந்தப் பக்கம் நின்றாலும் விழும், காம்பாட் மரத்தில் இம்ப்ரூவ்டு சினிஸ்டர் ஸ்ட்ரைக்கில் 2 பாயிண்ட் போட்டால் 40 ஆகிவிடும். 40 என்றால் சரியாக இரண்டு ஏற்றம், ஆக 4 நொடிக்கு ஒரு அடி தடையில்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்டார்ம்விண்ட் நகரத்தில் வூ பிங்கிடம் 10 சில்வர் கொடுத்தால் ஒரு கை வாள் கற்றுத் தருவார். ஒரு எச்சரிக்கை: புது ஆயுதத்தின் ஸ்கில் அடிமட்டத்தில் தொடங்கும், உன் லெவலுக்கு உச்சம் 110, ஹ்யூமன் சலுகை அதற்கு மேல் 5. கற்ற கையோடு டெட்மைன்ஸ் போனால் காற்றைத்தான் வெட்டுவாய். லெவல் குறைந்த மாபுகளை அடித்து ஏற்றிக்கொண்டு போ. டேலண்ட்டை அழித்துத் திரும்பப் போட முதல் தடவை 1 கோல்ட்தான், அடுத்தடுத்து விலை ஏறும். இப்போதே மொத்தத்தையும் காம்பாட்டில் போட்டால் லெவல் 30-ல் பக்கத்து மாபையும் சேர்த்து வெட்டும் பிளேடு ஃப்ளரி கிடைக்கும், அன்றைக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து சொல்.

மூன்றாவது, ஸ்லைஸ் அண்ட் டைஸ். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன், பொத்தான் பட்டியில் இருக்கிறதா? 25 எனர்ஜி, உன் லெவலில் அடிக்கும் வேகம் 20 சதவீதம் கூடும், 42-ல் அடுத்த ரேங்க் வந்தால் 30. ஒரு பாயிண்ட்டில் போட்டாலே 9 நொடி நிற்கும், 5 பாயிண்ட் என்றால் 21. கிளாசிக்கில் காம்போ பாயிண்ட் உன்னிடம் சேராது, நீ அடிக்கும் மாபின் மேல்தான் சேரும், ஆளை மாற்றினால் போச்சு. டன்ஜனில் 5 வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஒன்றோ இரண்டோ வந்ததும் ஸ்லைஸ் போட்டுவிடு, அதன் வேகம் அடுத்த மாபுக்கும் தொடரும், பாயிண்ட் தொடராது.

கேடயம்_தூக்கி

எப்போதும் டேங்க் ஆடுபவன் நான், ஆகவே உன்னைத் திட்டும் அந்த நண்பன் சார்பில் கொஞ்சம் பேசுகிறேன்.

சண்டை தொடங்கும்போது டேங்க் ஆடும் வாரியரிடம் ரேஜ் (அவன் திறன்களுக்குச் செலவாகும் சக்தி) அதிகம் இருக்காது. பெரும்பாலும் அடி வாங்கியும் அடித்தும்தான் ரேஜ் வரும், ரேஜ் வந்தால்தான் சண்டர் ஆர்மர் என்ற அடியைப் போடமுடியும், அது விழுந்தால்தான் மாபுக்கு என் மேல் கோபம் வரும். நீ முதல் நொடியிலேயே ஆம்புஷ் போட்டால் மாபின் கணக்கில் நீதான் முதல் எதிரி. டேமேஜ்தான் கோபம், பெரிய அடி என்றால் பெரிய கோபம். இரண்டு சண்டர் விழும்வரை வெள்ளை அடியோடு நில், அப்புறம் உன் இஷ்டம். லெவல் 16-ல் மாபின் கோபத்தைக் குறைக்கும் ஃபெயிண்ட் என்று ஒன்று கொடுத்தார்களே, அதைப் பட்டியில் வைத்திருக்கும் ரோக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லெவல் 26-ல் சீப் ஷாட் வரும், பதுங்கியபடி தொடங்கியே ஆகவேண்டும் என்றால் அதில் தொடங்கு. 4 நொடி மாப் அசையாது, காம்போ பாயிண்ட் 2 வரும், டேமேஜ் இல்லாததால் எனக்கும் தலைவலி இல்லை.

எப்போதும் பின்பக்கம் நில். இது பேக்ஸ்டாப்புக்காக மட்டும் இல்லை. முன்னால் நின்று அடித்தால் மாப் உன் அடியைத் தடுக்கும், அப்படித் தடுக்கும்போது அதன் அடுத்த அடி சீக்கிரம் வரும், அது விழுவது என் தலையில்.

அப்புறம் இந்த மீட்டர். டெட்மைன்ஸில் தீ உருண்டை வீசும் டெஃபியாஸ் (அங்கே இருக்கும் கொள்ளைக் கூட்டம்) ஆள் ஒருவன் பல கும்பல்களில் தூர நிற்பான், என்னிடம் ஓடி வரமாட்டான். அவனிடம் போய் கிக் போடு: 25 எனர்ஜி, அவன் மந்திரம் அறுந்து 5 நொடி அந்த வகை மந்திரத்தையே தொடமுடியாது. நல்ல ரோக் கூட இருந்தால் ஹீலர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரம் பாதியாகிறது. இது எந்த மீட்டரிலும் வராது, ஆனால் அடுத்த தடவை கூப்பிடும்போது அந்த ரோக்கைத்தான் கூப்பிடுவோம்.

சாப் (ஒரு மாபைக் கொஞ்ச நேரம் மயக்கி வைப்பது) பற்றி: மனித வகை மாபுகளுக்கு மட்டும்தான், சண்டை தொடங்கும் முன்புதான். கிளாசிக்கில் சாப் போட்டதும் உன் ஸ்டெல்த் கலைந்துவிடும், சப்டில்டியில் இம்ப்ரூவ்டு சாப் இருந்தால்தான் திரும்ப மறைய வாய்ப்பு. ஆகவே சாப் போட்ட நொடியே கும்பல் உன் மேல் வரும் என்று தெரிந்துகொண்டு போடு, போட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வா. எதிர்ப்பக்கம் ஓடி அடுத்த கும்பலையும் கூட்டி வருபவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை.

குறுவாள்_கோதை

கள்ளன் அண்ணன் எந்த இழையில் வந்தாலும் வாள் வாள் என்றுதான் சொல்வார், பழகிவிட்டது 😄 டேகரை இப்படிக் குப்பையில் போடவேண்டியதில்லை.

ஆம்புஷ் 250 சதவீத ஆயுத டேமேஜ், பேக்ஸ்டாப் 150. காம்பாட்டில் இம்ப்ரூவ்டு பேக்ஸ்டாப் 3 பாயிண்ட் போட்டால் கிரிட் (இரட்டிப்பாக விழும் அடி) வாய்ப்பு 30 சதவீதம் கூடுகிறது, சப்டில்டியில் ஆப்பர்ச்சூனிட்டி சேர்ந்தால் பின்னால் இருந்து விழும் அடி இன்னும் கனக்கிறது. 60-ல் ரெய்டு (பெரிய குழுவாகப் போகும் சண்டை) போகும்போது பாஸ் (தலைமை எதிரி) டேங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், நீ பின்னால் நின்று நிம்மதியாகக் குத்தலாம், ராக்னரோஸ் என்ற பாஸிடம் பெர்டிஷன்ஸ் பிளேடு என்ற டேகர் விழுந்தால் அதை வேண்டாம் என்று சொல்லும் ரோக்கை நான் பார்த்ததில்லை. எதிர் அணி ஆட்களோடு மோதும்போதோ, துணி உடுத்திய மேஜ் ஒருவரை ஆம்புஷில் பாதியாக்கும் சுகம் சினிஸ்டர் ஸ்ட்ரைக்கில் வரவே வராது.

பூனை, உன் டேகரின் வேகத்தைப் பார்த்தாயா? இந்த அடிகள் எல்லாம் ஆயுதத்தின் ஒரு வீச்சு டேமேஜை வைத்துத்தான் கணக்காகின்றன, ஆகவே மெயின் ஹேண்டில் (வலது கையில்) மெதுவான, ஒரு வீச்சுக்கு அதிகம் விழும் டேகர் வேண்டும். புதியவர்கள் வேகமான டேகரை வலது கையில் பிடித்துக்கொண்டு ஆம்புஷ் விழவில்லை என்பார்கள். தனியாக ஆடும்போது மாப் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் நின்று கௌஜ் போடு, 4 நொடி மயங்கி நிற்கும், அதற்குள் பின்னால் போய் எனர்ஜி ஏறட்டும் என்று நின்று பேக்ஸ்டாப். நடுவில் ஆட்டோ அட்டாக் ஓடக்கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் எழுந்துவிடும்.

பழைய_கள்ளன்

கோதை, நீ சொல்வதெல்லாம் 60-ல் சரி. 22-ல் கௌஜ் போட்டு, பின்னால் போய், காத்திருந்து குத்துவதற்குள் வாள்காரன் அடுத்த மாபுக்குப் போய்விடுவான். அதுவும் டன்ஜனில் அவனுக்கு இப்போது இருக்கும் சிக்கலே நேரம்தான். ரெய்டுக்குப் போகும்போது எந்த ஆயுதம் கிடைக்கிறதோ அதைப் பார்த்து மாறிக்கொள்ளட்டும், நானும் அதைத்தான் சொல்வேன்.

குறுவாள்_கோதை

லெவல் ஏற்றும்போது வாள் வேகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அவன் ஆம்புஷ் சுகத்துக்காக வந்தவன், அதைப் பிடுங்கிவிட்டால் ஒரு வாரத்தில் ஆட்டத்தையே விட்டுவிடுவான். பையில் ஒரு மெதுவான டேகர் கிடக்கட்டும், ஊர் சுற்றும்போது அதை மாட்டிக்கொள் பூனை.

இருட்டுப்பூனை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வூ பிங்கிடம் போய்க் கற்றுக்கொண்டு எல்வின் காட்டில் ஓநாய்களை வெட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு ஓநாய்கள்தான் சிரிக்கின்றன. ஸ்லைஸ் அண்ட் டைஸ் பட்டியில் இல்லை, இப்போது இருக்கிறது. கேடயம் அண்ணா, சாப் போட்டு எதிர்ப்பக்கம் ஓடியது நான் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. விஷம் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை எங்கே வாங்குவது, எந்தக் கையில் எது? அடுத்தது, எங்கள் கூட்டத்தில் ஒருவர் எல்லோரும், ஒரு தடவை செத்தால் பாத்திரமே போய்விடும் ஹார்ட்கோர் சர்வருக்குப் போகலாம் என்கிறார். ரோக்கை வைத்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியுமா?

ஒற்றை_உயிர்

ஹார்ட்கோர் பற்றி நான் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் அந்த சர்வர்கள் திறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். தப்பிப்பதில் ரோக்குக்கு நிகரான கிளாஸ் குறைவு, ஆனால் தப்பிக்கும் பொத்தான்கள் எல்லாம் 5 நிமிடக் காத்திருப்பு கொண்டவை. ஸ்பிரிண்ட் (வேக ஓட்டம்), எவேஷன் (அடியிலிருந்து விலகுவது), வேனிஷ் (சண்டை நடுவில் மறைவது), மூன்றும் அப்படித்தான். மூன்றையும் ஒரே பயத்தில் அழுத்திவிட்டால் அடுத்த 5 நிமிடம் நீ தோல் சட்டை போட்ட சாதாரண ஆள். எவேஷன் முன்னால் இருந்து வரும் ஆயுத அடிக்குத்தான், மந்திரத்துக்கு ஒன்றும் செய்யாது, முதுகில் விழும் அடிக்கும் உதவாது. வேனிஷ் உன் லெவலில்தான் வருகிறது, ட்ரெயினரிடம் வாங்கிவிட்டாயா? அதற்கு ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷ் பவுடர் ஒன்று செலவாகும். பவுடர் தீர்ந்தது தெரியாமல் வேனிஷை அழுத்திச் செத்தவர்களின் கதை அங்கே வாரம் ஒன்றாவது காதில் விழும். பையில் இருபதாவது வைத்திரு.

ஸ்டெல்த்தை நம்பி லெவல் கூடிய மாபு பக்கத்தில் போகாதே. உன்னைவிட லெவல் ஏற ஏற அது உன்னைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும், நேர் எதிரே போனால் இன்னும் சீக்கிரம். சந்தேகம் வந்தால் ஒரு சத்தம் போட்டு உன் பக்கம் திரும்பும், அந்தச் சத்தம் கேட்டதும் பின்வாங்கிவிடு.

பழைய_கள்ளன்

விஷத்துக்கு லெவல் 20-ல் தனி க்வெஸ்ட் இருக்கிறது, நீ இன்னும் செய்யாததே ஆச்சரியம். ஸ்டார்ம்விண்டில் எஸ்ஐ:7 என்ற உளவுப் படையின் கட்டடத்தில் மத்தியாஸ் ஷா நிற்பார், அவரிடம் கேள். வெஸ்ட்ஃபாலில் ஒரு கோபுரத்துக்கு அனுப்புவார். கோபுரச் சாவி அதன் வெளியே சுற்றும் டெஃபியாஸ் ட்ரோன் ஒன்றின் பையில் இருக்கிறது, பிக்பாக்கெட்தான் வழி. உள்ளே ஒரு பெட்டியின் பூட்டைத் திறக்கவேண்டும், அதனால் முதலில் ரெட்ரிட்ஜ் போய் ஆல்தர்ஸ் மில்லில் கிடக்கும் பயிற்சிப் பெட்டிகளில் பூட்டுத் திறக்கும் ஸ்கில்லை ஏற்றிக்கொள். கோபுரத்தில் இருப்பவர்களோடு தனியாகச் சண்டை போடலாம் என்று நினைக்காதே, இங்கேதான் உன் ஸ்டெல்த்துக்கு உண்மையான வேலை.

கை விஷயம்: வலது கையில் மெதுவான வாள், சினிஸ்டர் ஸ்ட்ரைக் அதை வைத்துத்தான் விழுகிறது. டெட்மைன்ஸில் தலைவன் வான்கிளீஃபிடம் க்ரூயல் பார்ப் என்ற வாள் விழுந்தால் விடாதே. இடது கையில் வேகமான எதுவும், உன் பழைய டேகர்கூட போதும். விஷம் ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக வாய்ப்பு பார்க்கும், அதனால் வேகமான கையில் அடிக்கடி பிடிக்கும். டன்ஜனில் இரண்டிலும் உடனே டேமேஜ் தரும் இன்ஸ்டண்ட் பாய்சன் விஷத்தைத் தடவிக்கொள். தனியாக ஆடும்போது இடது கையில் நடையை மெதுவாக்கும் கிரிப்ளிங் விஷம், உயிர் குறைந்ததும் ஓடுகிற டெஃபியாஸ் ஆட்கள் ஊர்ந்துதான் போவார்கள். முப்பது நிமிடத்தில் காய்ந்துவிடும், டன்ஜன் நடுவில் தடவ மறந்து நிற்காதே.