"அந்த மாத்திரை எனக்கு இப்போது கேட்பதில்லை" என்பவருக்கு என்ன சொல்வது?

கேள்வி:
பெற்றோர்களிடம் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி அரை மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருப்பதால், ஒத்திகையாக நான்கைந்து பேரிடம் பேசிப் பார்த்தேன். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது என்று தொடங்கியபோது எல்லோரும் தலையசைத்தார்கள். பேசி முடித்ததும் ஒருவர், "உண்மைதான், எனக்கும் அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது, இப்போது கேட்பதே இல்லை, வீரியம் கூடியதாகத்தான் வாங்குகிறேன்" என்றார். மாறுவது உடம்பல்ல, கிருமிதான் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? "கொடுத்ததை முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள்" என்ற பழைய அறிவுரையை இன்னும் சொல்லலாமா?

மறுமொழி 1 (ஆய்வகப் பணியாளர்):
எங்கள் மேசையில் நாள்தோறும் நடப்பதை அவருக்குக் காட்டுங்கள். நோயாளியின் சிறுநீரிலிருந்து பிரித்த பாக்டீரியாவை அகார் தட்டில் (பாக்டீரியா வளர்வதற்கான கூழ் நிரப்பிய தட்டு) சீராகத் தடவி, வெவ்வேறு மருந்துகள் ஊறிய சின்னஞ்சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைத்து, ஓர் இரவு முழுவதும் இளஞ்சூட்டில் விட்டுவிடுவோம். காலையில் தட்டெங்கும் மங்கலான படலம் பரவியிருக்கும். மருந்து வேலை செய்த வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். வேலை செய்யாத வில்லையின் விளிம்பு வரை பாக்டீரியா வளர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டில் நோயாளியின் உடம்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மருந்தை வாழ்நாளில் தொட்டிராதவருக்கும், வேறொருவரிடமிருந்து அத்தகைய கிருமி தொற்றியிருந்தால், வட்டம் விழாது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் தற்செயலாக மாறிய ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றை மருந்து கொன்றுவிடுகிறது. எஞ்சியவை காலியான இடத்தில் பெருகுகின்றன. அது மட்டுமன்று, எதிர்ப்பு மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் வைத்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அவை கைமாற்றுகின்றன.

மறுமொழி 2 (மருந்தாளுநர்):
"வீரியம் கூடியது" என்ற சொல்லையே நான் தவிர்ப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இம்மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்தது: முதலில் தரத் தக்கவை, கவனித்துத் தர வேண்டியவை, கடைசிக் கையிருப்பாகக் காக்க வேண்டியவை. அமாக்சிசிலின் முதல் வகை, அசித்ரோமைசின் இரண்டாம் வகை, கொலிஸ்டின் மூன்றாம் வகை. அவற்றுள் எதுவும் சாதாரண ஜலதோஷத்துக்குக் கேட்காது, ஏனெனில் அது வைரஸால் வருவது. சளி பச்சையாக மாறியது என்பது மட்டும் பாக்டீரியாவுக்குச் சான்றாகாது.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அளவு குறைந்தால் கிருமி எதிர்ப்புப் பெறும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இலேயே தம் நோபல் உரையில் எச்சரித்தார். ஆனால் தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் குடலிலுள்ள தீங்கற்ற பாக்டீரியாக்களையும் அதே சோதனைக்கு உள்ளாக்குகிறது என்பதால், பல தொற்றுகளுக்கு இன்று முன்பைவிடக் குறைந்த நாட்களே பரிந்துரைக்கப்படுகின்றன. காசநோய் அப்படியன்று, மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சையை நடுவில் விடுவது ஆபத்து.

மறுமொழி 3 (ஆய்வகப் பணியாளர்):
நீங்கள் சொல்வது சரி, ஆனால் இத்தனை நுணுக்கத்தையும் கூட்டத்தில் விளக்கினால், "பாதியில் நிறுத்தலாமாம்" என்பது மட்டுமே காதில் விழும். மருத்துவர் எழுதிய நாட்களைத் தாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, சீக்கிரம் குணமானால் அவரிடமே கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எண்ணிக்கையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, தட்டின் படத்துடன் தொடங்கப் போகிறேன். அன்று பேசியவரிடம் வட்டம் விழுவதைப் பற்றிச் சொன்னபோது, சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது என்றேன், அதை உரையிலும் சேர்த்துக்கொள்கிறேன்.