ஏடிகே – மோகன் பகான் இணைப்பு: கொங்கு நாட்டிலிருந்து சில அனுபவங்கள்

திருப்பூர் உறுப்பினர்:
கொல்கத்தாவின் கால்பந்து அணிகளான ஏடிகேவும் மோகன் பகானும் ஒன்றான இந்த இணைப்பைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, எங்கள் பவர் டேபிள் யூனிட்டில் ஓவர்லாக் தைக்கும் வங்காளத் தம்பி ஒருவர் சொன்னதாகும். மோகன் பகான் 1889இல் தொடங்கப்பட்டது. 1911இல் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஆங்கிலேயரின் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐஎஃப்ஏ கேடயம் என்ற கால்பந்துக் கோப்பையைக் கைப்பற்றியதைத் தாமே நேரில் பார்த்தவர்போல் விவரிப்பார்.

2020 ஜனவரியில், மோகன் பகான் கால்பந்து நிறுவனத்தின் 80 விழுக்காடு பங்குகளை ஆர்பிஎஸ்ஜி குழுமம் பெறுவதாகவும், அக்குழுமத்தின் ஏடிகே அணியுடன் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஜூன் முதல் ஒன்றாவதாகவும் அறிவிப்பு வந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடராகிவிட்ட பிறகு வேறென்ன வழி என்று நான் கணக்குப் பேசினேன். "பங்கு யாருக்குப் போனால் என்ன அண்ணா, சட்டை என்ன நிறம்?" என்று மட்டும் தம்பி கேட்டார். இத்தனைக்கும் அந்தப் பருவத்தில் ஏடிகே ஐஎஸ்எல்லையும், மோகன் பகான் மற்றொரு தேசியத் தொடரான ஐ-லீக்கையும் வென்றன. வாகை சூடிய இரண்டு அணிகள் ஒன்றான விந்தை அது.

மோகன் பகானின் பச்சையும் மெரூனும் தொடரும் என்று ஜூலை 10 அன்று முடிவானதும், ஊரடங்கால் ஊருக்குச் சென்றிருந்தவர் அழைத்துச் சொன்னார். திரும்பி வந்ததும், கட்டிங் வேஸ்ட்டிலிருந்து அவ்விரு நிறங்களிலும் கிழிசல் எடுத்துத் தம் மெஷினின் நூல் ஸ்டாண்டில் முடிந்துவைத்தார். சூப்பர்வைசர் அவிழ்க்கச் சொன்னால் மறுநாள் வேறு துண்டு தொங்கும்.

கோயம்புத்தூர் உறுப்பினர்:
அந்தத் தம்பியின் தவிப்பு எங்களுக்குப் புரியும். கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டம் பெற்ற அணியின் பெயர் சென்னை சிட்டி. நம்மூர் மைதானத்தில் அமர்ந்து 'சென்னை, சென்னை' என்று கத்த எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. மோகன் பகான் இங்கு ஆட வந்தபோது, ஒரு மூலையில் திரண்டிருந்த வங்காளிகளுக்கு அந்தச் சங்கடம் எதுவும் இருக்கவில்லை.

திருப்பூர் உறுப்பினர்:
பின்னர் அவர்களுக்கும் வந்ததே! இணைந்த அணிக்கு வைத்த 'ஏடிகே மோகன் பகான்' என்ற பெயரிலிருந்து ஏடிகே என்ற முன்னொட்டை நீக்கக் கோரி ரசிகர்கள் ஓயாமல் போராடினார்கள். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு அணியை பெனால்டியில் வென்று ஐஎஸ்எல் கோப்பையை ஏந்திய இரவில்தான் உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். தம்பி யூனிட் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது அவருடைய கோபமெல்லாம் புதிய பெயரின் பின்னால் 'சூப்பர் ஜெயன்ட்' என்று ஒட்டிக்கொண்ட வால் மீதுதான்.