பிரான்ஸின் லியோனில் எந்தப் பகுதியில் தங்கினீர்கள்? மூன்று பேரின் பதில்கள்

அம்மாவோடு லியோன் போகிறேன், எங்கே அறை எடுக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் அம்மாவோடுதான் போனேன், அதனால் சொல்கிறேன்.

படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு வியூ லியோனில் வீடு எடுத்தேன். சோன் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊர் அது. அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 'த்ராபூல்' என்று நடைவழிகள் உண்டு. ஒரு கதவைத் தள்ளி உள்ளே போனால் வீடுகளுக்கு ஊடாக நடந்து அடுத்த தெருவுக்கே வந்துவிடலாம். அம்மா அதைக் குழந்தை மாதிரி ரசித்தார்.

ஆனால் எங்கள் வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. சுழன்று ஏறும் கல் படிக்கட்டு, ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி. இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டு, "நீ பெட்டியக் கொண்டுபோய் வை, நான் மெதுவா வரேன்" என்றார். மூன்றாம் நாள் காலையில், "நீ மட்டும் போயிட்டு வாப்பா" என்று அறையிலேயே இருந்துவிட்டார். அவருக்காகவே போட்ட பயணம் அது. லிஃப்ட் இல்லை என்று விவரத்தில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை.

இனி போனால் பெல்கூர் சதுக்கத்தை ஒட்டித்தான் எடுப்பேன். சோன், ரோன் இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் சமதளம். ஏ, டி இரண்டு மெட்ரோக்களும் அங்கே சந்திக்கின்றன. டி மெட்ரோவில் ஒரே நிறுத்தம் தள்ளி வியூ லியோன். அங்கிருந்து ஃபூர்வியே குன்றுக்கு இழுவை ரயில் இருக்கிறது, மேட்டில் நடந்து ஏறவே வேண்டாம்.

*

நாங்கள் கைக்குழந்தையோடு க்ருவா ரூஸில் தங்கினோம். பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குன்று. உயரமான தறியை உள்ளே நிறுத்த இடம் வேண்டும் என்று 4 மீட்டர் உயரத்துக்குக் கூரை வைத்துக் கட்டிய வீடுகள், வெளிச்சம் அள்ளிக்கொண்டு வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குன்றின் உச்சி வேறு, சரிவு வேறு. சரிவில் தள்ளுவண்டியோடு நடப்பது பெரும்பாடு, தெருவே பல இடங்களில் படிக்கட்டுதான். உச்சியோ சமதளம். சி மெட்ரோ பற்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றிவிடும். திங்கள் தவிர எல்லாக் காலையும் பெரிய சாலையில் சந்தை உண்டு. பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கி வந்தே பாதி நாள் சாப்பாட்டை முடித்தோம்.

*

அலுவலக வேலையாகப் போனதால் பார் தியூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். விமான நிலையத்திலிருந்து டிராமில் அரை மணி நேரம். அன்சி ஏரிக்கு ஒரு நாள் ரயிலில் போய்வரவும் வசதி. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள், இரவில் நடக்க மனம் வராது. இரண்டு இரவுக்குச் சரி, ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

அப்புறம், டிசம்பர் 8ஐ ஒட்டிப் போவதாக இருந்தால் விளக்குத் திருவிழா நடக்கும். மாலையில் மையப் பகுதிக்குள் டாக்சி வராது. அம்மாவோடு போகிறவர் பகலிலேயே அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.